பனிக்கடல் பைலட்டும் நமது பருப்பு மூட்டையும்

கனடாவிலிருந்து மைசூர் பருப்பும் மஞ்சள் பட்டாணியும் வரவழைக்கும் மொத்த வியாபாரிகளிடமிருந்து குளிர்காலம் தோறும் ஒரு புகார் வருகிறது. கப்பல் வாடகைக்கு மேல் ‘குளிர்கால சர்சார்ஜ்’ என்று ஏஜெண்டு ஒரு தொகையைச் சேர்த்து விடுகிறார். கேட்டால் பைலட் செலவு, பனி உடைக்கும் செலவு என்று ஏதோ சொல்கிறார். “சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கத்தானே வாடகை கொடுக்கிறோம்? அங்கே பனி பெய்தால் அதற்கும் நம் தலையில்தானா?” என்பது நம்மவர்கள் கேள்வி.

இதில் நமது கருத்து சற்று வேறானது. பில்லில் உள்ள தொகைகளில் முணுமுணுக்காமல் கொடுக்கத் தகுந்தது இது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக என்ன செய்யப்பட்டது என்று ஒருவருமே கேட்பதில்லை என்பதுதான் நமக்குள்ள குறை. லாரி பிடிக்கும்போது டிரைவர் எப்படிப்பட்டவர், வண்டியின் டயர் எப்படி, தார்ப்பாய் கிழிசல் உண்டா என்று நின்று பார்த்து அனுப்புகிற நாம், லாரியைப்போல் பல மடங்கு மதிப்புள்ள சரக்கைக் கப்பலில் ஏற்றும்போது டன்னுக்கு எத்தனை டாலர் என்று மட்டும் கேட்டு முடித்துக்கொள்கிறோம்.

முதலில் அந்த வழியைப் பற்றிச் சில விவரங்கள். மான்ட்ரியல் துறைமுகம் கடற்கரையில் இல்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே சுமார் 1,600 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நமது கணக்குக்குச் சொன்னால் சென்னையிலிருந்து கொல்கத்தா வரை ஆற்றிலேயே போவது போல. மான்ட்ரியல் வரையிலான கப்பல் கால்வாயின் ஆழம் 11.3 மீட்டர்தான். குளிர்காலத்தில் அந்த ஆறும் அதன் முகத்துவார வளைகுடாவும் பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் டிசம்பரோடு துறைமுகம் அடைபட்டு, பனி உருகிய பிறகுதான் திறக்கும். 1964 ஜனவரி 4 அன்று ‘ஹெல்கா டான்’ என்ற டென்மார்க் கப்பல் பனியைக் கடந்து மான்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்துதான் அங்கே ஆண்டு முழுவதும் கப்பல் போக்குவரத்து என்ற நிலை ஏற்பட்டது. வருஷத்தின் முதல் கடற்கப்பலைக் கொண்டுவரும் கேப்டனுக்குத் தங்கப்பூண் போட்ட கைத்தடி ஒன்றைப் பரிசளிக்கும் வழக்கம் 1840 முதல் அந்தத் துறைமுகத்தில் இருக்கிறது. கையிருப்பு தீர்ந்து, முதல் கப்பலுக்காகக் காத்துக்கிடந்த ஊர்க்காரர்கள் ஏற்படுத்திய பழக்கம் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த மகிழ்ச்சி நம் தூத்துக்குடி வியாபாரிகளுக்குப் புரியும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தோணிகள் ஓடாமல் நிற்பதையும், காற்று தணிந்து முதல் தோணி கிளம்புவதையும் பார்த்தவர்கள் அல்லவா அவர்கள்!

இந்த ஆற்றில் 35 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வெளிநாட்டுக் கப்பல் எதுவும் பைலட் இல்லாமல் போக முடியாது. பைலட் என்றதும் ஆகாய விமானம் நினைவுக்கு வரலாம். இவர் துறைமுகத்தில் படகில் வந்து கயிற்று ஏணியில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்பவர். கனடாவில் 1972-ம் ஆண்டின் பைலட்டேஜ் சட்டப்படி நான்கு அமைப்புகள் இதற்காகவே இருக்கின்றன. செயின்ட் லாரன்ஸில் லெ எஸ்கூமன் என்ற இடத்தில் ஏறும் பைலட், கியூபெக் நகரில் இறங்கி அடுத்தவரிடம் ஒப்படைப்பார். த்ருவா ரிவியே என்ற ஊரில் மீண்டும் ஆள் மாறும். ஒவ்வொருவருக்கும் தம் பகுதி நீரோட்டம், மணல்திட்டு, வளைவு எல்லாம் மனப்பாடம். குளிர்காலத்தில் இரண்டு பைலட்டுகள் சேர்ந்து ஏறுவதும் உண்டு. கண்ணை அங்குமிங்கும் எடுக்காமல் பல மணி நேரம் பனியைப் பார்த்துக்கொண்டே நிற்பது ஒரு ஆளால் ஆகிற காரியமல்ல.

பனிக்கடலில் வழி சொல்லும் வேலை என்ன என்று கேட்டுப் படித்தபோது, கமிஷன் மண்டியில் சாக்கைத் திறக்காமலே கையால் அழுத்திப் பார்த்துத் தரம் சொல்லும் பழைய கணக்குப்பிள்ளைகள்தான் நம் நினைவுக்கு வந்தார்கள். பனிக்கட்டியில் பல ரகம். அந்த ஆண்டில் உறைந்த மெல்லிய சாம்பல் நிறக் கட்டியைக் கப்பல் தள்ளிக்கொண்டு போய்விடும். பல ஆண்டு உருகாமல் கிடந்து இறுகிய பழைய கட்டி, நீல நிறத்தோடு பாறைக்கு ஒப்பானது. மலைபோன்ற பெரிய பனிப்பாறை ராடாரில் தெரியும். அதிலிருந்து உடைந்து, முக்கால்வாசி நீருக்குள் அமிழ்ந்து மிதக்கும் லாரி அளவு துண்டு, அலை எழும்போது ராடாரில் தெரியாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வேகமாகப் போனால் கப்பலின் தகடு கிழியும். மிகவும் மெதுவாகப் போனால் நின்றுவிடும். நின்றால் சுற்றிலும் பனி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்னால் எடுக்கும்போது சுக்கானை நேராக வைக்காவிட்டால் சுக்கானே போய்விடும். எஞ்சினைக் குளிரவைக்க உறிஞ்சும் கடல்நீர்க் குழாயில் பனிக்கூழ் அடைத்துக்கொண்டால் நடுவழியில் எஞ்சின் நின்றுவிடும். சரக்கு குறைவாக இருந்தால் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக் கப்பலைத் தாழ்த்த வேண்டும். புரொப்பல்லர் பனிக்கட்டிக்குக் கீழே சுற்ற வேண்டுமே. வழிகாட்டும் மிதவைகளும் குளிர்காலத்தில் அப்படியே இருப்பதில்லை. விளக்கு மிதவைகளை எடுத்துவிட்டு, பனி தாக்குப்பிடிக்கும் கம்ப மிதவைகளைப் போடுகிறார்கள்; பனி அவற்றையும் இழுத்துச் செல்வதுண்டு.

இவர்கள் கப்பலில் ஏறி வேலை செய்கிறவர்கள். கரையிலிருந்து வேலை செய்யும் இன்னொரு வகையினரும் உண்டு. இவர்களில் பலர் ஓய்வுபெற்ற கேப்டன்கள், பைலட்டுகள். இந்தக் கப்பல், இந்தச் சரக்கோடு, இந்த மாதத்தில், இந்த வழியில் போகலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது இவர்கள் தொழில். பனியின் தடிமன், காற்று, நீரோட்டம், கப்பலின் கட்டுமானப் பலம் ஆகியவற்றை வைத்து, கப்பல் ஓட்டிப் பழகும் கருவியில் அதே வழியைப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்த அளவு காற்று அடித்தால் கிளம்பக் கூடாது, எத்தனை இழுவைக் கப்பல் கூட வர வேண்டும், எந்த இடம் தாண்டினால் திரும்ப முடியாது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நம்மில் பலருக்கு இப்படியொரு தொழில் இருப்பதே தெரியாது. ஆனால் அவர்கள் அறிக்கை சரியாக இருந்ததா, அதைக் கேப்டன் மதித்தாரா என்பதைப் பொறுத்துத்தான் நம் கடையில் பருப்பு வந்து இறங்குகிறது.

இதில் சரக்குக்காரனுக்கு என்ன நஷ்டம், கப்பல்காரன் பாடு என்று நினைப்பவர்கள் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற ஏற்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். கப்பலுக்கு ஆபத்து நேர்ந்து, அதைக் காப்பாற்ற வேண்டுமென்றே ஒரு செலவு செய்தாலோ, சரக்கைக் கடலில் தள்ளினாலோ, அந்த நஷ்டத்தைக் கப்பல் சொந்தக்காரரும் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் அத்தனை பேரும் மதிப்பின் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். நம் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாமல் இருக்கலாம். இருந்தாலும் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு ஜாமீன் கொடுக்கும் வரை சரக்கை விடமாட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி ஜாமீன் கொடுக்கும். இல்லாவிட்டால் நாம் ரொக்கமாக டெபாசிட் கட்ட வேண்டும். 2021 மார்ச் 23-ல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட ‘எவர் கிவன்’ கப்பலில் 18,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. ஆறே நாளில் கப்பல் மிதந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் ஏப்ரலில் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். எகிப்து அதிகாரிகளுடன் நஷ்டஈட்டுத் தகராறு தீர்ந்து கப்பல் கிளம்ப ஜூலை 7 ஆகிவிட்டது. அதற்குள் திருவிழா சீசன் சரக்கு எத்தனை பேருக்குப் பழைய சரக்காகியிருக்கும்!

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விற்பவரே இன்ஷூரன்ஸ் கட்டும் சி.ஐ.எஃப். விலையில் வாங்கினால் கவலை இல்லை என்று எண்ணுகிறோம். 2020-ம் ஆண்டின் இன்கோடெர்ம்ஸ் விதிப்படி, வேறு பேசிக்கொள்ளாவிட்டால் சி.ஐ.எஃப்.-பில் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சப் பாதுகாப்புதான். அதாவது இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் ‘சி’. கப்பல் தரைதட்டினால், மூழ்கினால், மோதினால் அதில் பணம் கிடைக்கும். ஜெனரல் ஆவரேஜ் பங்கும் அதில் அடங்கும். ஆனால் கடல்நீர் உள்ளே புகுந்து பருப்பு நனைந்தால் ‘சி’ பதில் சொல்லாது. புயலில் நம் பெட்டி மட்டும் அலையில் அடித்துக்கொண்டு போனாலும் அதே கதைதான். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ 640 பெட்டிகளோடு மூழ்கியபோது, இந்த கிளாஸ் வித்தியாசத்தை முதல்முறையாகப் படித்துப் பார்த்தவர்கள் உண்டு. தாமதத்தால் வரும் நஷ்டமோ ‘ஏ’, ‘பி’, ‘சி’ மூன்றிலுமே கிடையாது. பனியில் கப்பல் பதினைந்து நாள் மாட்டிக்கொண்டு, அதற்குள் மார்க்கெட் இறங்கிவிட்டால் அது முழுக்க முழுக்க நம் கைநஷ்டம். மார்க்கெட் மட்டுமல்ல, வரியும் மாறும். 2017 நவம்பரில் மத்திய அரசு பட்டாணிக்கு 50 சதவீத இறக்குமதி வரியை உடனடியாக அமலுக்குக் கொண்டுவந்தபோது நடுக்கடலில் வந்துகொண்டிருந்த சரக்கின் கதி என்ன ஆயிற்று என்பது பட்டாணி வியாபாரிகளுக்கு மறந்திருக்காது. நான்கு நாள் முன்னதாக வந்து சேர்ந்தவன் தப்பித்தான்.

சரி, கப்பல் கம்பெனியிடம் போய் நாம் கேட்டால் பதில் வருமா? ஐம்பது பெட்டி வரவழைப்பவரையே பொருட்படுத்தாத உலகில் இரண்டு பெட்டிக்காரரை யார் மதிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு அலாஸ்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும்.

1989 மார்ச் 23 இரவு ‘எக்ஸான் வால்டெஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் வால்டெஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. விதிப்படி குறுகலான இடம் தாண்டியதும் பைலட் இறங்கிவிட்டார். கொலம்பியா பனியாற்றிலிருந்து உடைந்து வந்த கட்டிகள் வழியில் மிதந்ததால், அவற்றை விலக்கிப் போகக் கப்பல் தன் பாதையை விட்டு வெளியே வந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. கேப்டன் மேல்தளத்தில் இல்லை. வேலை செய்து களைத்த ஒரு அதிகாரி மட்டுமே இருந்தார். பைலட் இறங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள், நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷத்தில், பிளை ரீஃப் என்ற பாறைத்திட்டில் கப்பல் ஏறிவிட்டது. சுமார் 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. பனிக்கட்டி கப்பலைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பனிக்குப் பயந்து ஒதுங்கியதில் வந்த வினை அது. பனிக்கடலில் வழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், வேகத்தைக் குறைத்துப் பாதையிலேயே போயிருக்கலாம். அல்லது விடியும் வரை நிறுத்தியிருக்கலாம்.

அந்த விபத்தில் பிழைப்புப் போனவர்கள் மீனவர்களும் கரையோரச் சிற்றூர்க்காரர்களும். 1990-ல் அமெரிக்கா கொண்டுவந்த எண்ணெய் மாசுச் சட்டத்தின் கீழ், அவர்களுக்கென ஒரு குடிமக்கள் ஆலோசனைக் குழுவுக்கு அதிகாரப்பூர்வ இடம் கிடைத்தது. அந்தக் குழு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதோடு நிற்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் எண்ணெய் கம்பெனிகள், அலாஸ்கா மாநில அரசு, கடலோரக் காவல் படை ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு ஆபத்து மதிப்பீட்டு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. வெளிநிறுவனம் ஒன்றும் இரண்டு பல்கலைக்கழகங்களும் அதைச் செய்தன, 1996-ல் முடிந்தது. ஒரு தரப்பு மட்டும் பணம் கொடுத்திருந்தால் மறு தரப்பு அறிக்கையை நம்பியிருக்காது. மண்டியில் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவான எடைமேடை வைப்பதில்லையா, அது போலத்தான். இப்போது அங்கே எண்ணெய் நிரப்பிய கப்பலோடு இரண்டு இழுவைக் கப்பல்கள் கூடவே வருகின்றன. கடல்வாயில் காற்று 45 நாட் வேகத்தைத் தாண்டினால் நிரப்பிய கப்பலை விடுவதில்லை. கப்பல் சொந்தக்காரர்களாக மட்டும் இருந்து முடிவு செய்திருந்தால் இத்தனை கண்டிப்பு வந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகம். நஷ்டப்படக்கூடியவன் கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்தான், அதனால் வந்தது.

பைலட் இருந்தால் விபத்தே வராது என்று நாம் சொல்லவில்லை. ‘எவர் கிவன்’ கப்பலில் இரண்டு கால்வாய் பைலட்டுகள் இருந்தார்கள், அப்படியும் மாட்டிக்கொண்டது. பைலட் யோசனை சொல்பவர், பொறுப்பு கேப்டனுடையது. பலத்த காற்றில் அந்த அளவுள்ள கப்பல் அன்று கால்வாய்க்குள் நுழையலாமா என்ற கேள்வி, பைலட் ஏறுவதற்கு முன்பே கரையில் தீர்க்கப்பட வேண்டியது. மதிப்பீடு என்று நாம் வற்புறுத்துவது அதைத்தான்.

இந்தச் சமயத்தில் இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. வட துருவ வழியைப் பற்றி இப்போது ஆசை காட்டும் பேச்சு அதிகமாகி வருகிறது. 2023 கடைசியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டி வந்ததும் இந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது. 2025-ல் ‘இஸ்தான்புல் பிரிட்ஜ்’ என்ற கப்பல் சீனாவின் நிங்போவிலிருந்து ரஷ்யாவின் வடகடல் வழியாக இருபது நாளில் இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ போய்ச் சேர்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அதே பருவத்தில், செப்டம்பர் 6 அன்று, கனடாவின் வடபகுதி ஃபிராங்க்ளின் ஜலசந்தியில் ‘தேம்ஸ்போர்க்’ என்ற டச்சு சரக்குக் கப்பல் தரைதட்டியது. சீனாவிலிருந்து கியூபெக் மாகாணத்துக்குக் கார்பன் கட்டிகள் ஏற்றி வந்த கப்பல் அது. சரக்கில் ஒரு பகுதியை வேறு கப்பலுக்கு மாற்றி, அதை மிதக்கவிட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கடற்பகுதியில் பெரும்பாலான இடம் இன்னமும் நவீன முறையில் ஆழம் அளக்கப்படாதது. உதவிக்கு வர வேண்டிய கப்பலே பல நாள் பயணத்தில் வர வேண்டும். 2017 முதல் துருவக் கடல் விதித்தொகுப்பு அமலில் இருக்கிறது; துருவக் கடலில் போகும் அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் சான்றிதழ் வாங்கியவரும், இருபது குளிர்காலம் பனியில் நின்றவரும் ஒன்றல்ல. அனுபவஸ்தர்கள் எண்ணிக்கை கப்பல் எண்ணிக்கைக்கு ஏற்ப வளரக்கூடியதும் அல்ல. சென்னைக்கும் விளாடிவோஸ்டோக்குக்கும் நேர் கப்பல் வழி என்று 2019-ல் இரு அரசுகளும் பேசி முடிவெடுத்தபோது நாமும் வரவேற்றோம். அந்த வழி நல்ல வழி. அதற்கு வடக்கே நீட்டி, பாதி நாளில் ஐரோப்பா என்று யாராவது வாடகை குறைத்துக் கேட்டால், நம்மவர்கள் முதலில் சரக்கு ஏற்றிச் சோதனை எலியாக வேண்டியதில்லை.

நமது சங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. கனடா அறுவடை ஆகஸ்டு, செப்டம்பரில் முடிந்து குளிர்கால ஒப்பந்தங்கள் பேசப்படும் முன்பாக, பருப்பு வரவழைக்கும் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே கடிதமாக ஏஜெண்டுகளுக்கு எழுத வேண்டும். கப்பல் பனிக்குத் தகுந்த கட்டுமான வகுப்பைச் சேர்ந்ததா? வளைகுடாவில் பனி அனுபவமுள்ளவர் ஏறுகிறாரா? சர்சார்ஜ் எதற்கு எவ்வளவு? பனியால் தாமதமானால் டெமரேஜ் யார் பொறுப்பு? தனியாகக் கேட்டால் குப்பைக்கூடைக்குப் போகும் கடிதம், சேர்ந்து கேட்டால் பதில் பெறும். வான்கூவர் வழியாக வரவழைப்பவர்களுக்குப் பனிக்கட்டித் தொல்லை கிடையாது. ஆனால் கடுங்குளிரில் அங்கே ரயில்களின் நீளத்தைக் குறைத்துவிடுவதால் சரக்கு தேங்கும் என்பதை அவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மான்ட்ரியலுக்கு மேலே பெரிய ஏரிகளில் உள்ள தண்டர் பே துறைமுகத்திலிருந்து வாங்குபவர்கள், டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி ஆரம்பத்திலிருந்து மார்ச் பிற்பகுதி வரை அந்த நீர்வழி மூடப்படுவதை ஒப்பந்தத் தேதியில் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸில் ‘சி’ கிளாஸை ‘ஏ’ ஆக்கும்படி விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அல்லது வித்தியாசத்துக்கு இங்கேயே பாலிசி எடுக்கலாம். உறுப்பினர்களின் சரக்குகளைச் சேர்த்து ஒரே ஓபன் பாலிசியாக எடுத்தால் பிரீமியம் எவ்வளவு குறையும் என்று இரண்டு மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்டுக்கு எத்தனை பெட்டி, எந்தத் துறைமுகம், எந்த மாதம் என்ற விவரத்தை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் கொடுத்தால்தான் அந்த விலைப்புள்ளியைக் கேட்கவே முடியும்.